ஊசி புடிக்காத கை

ஊசி புடிக்காத கோழியைச் சுப்பையன் ஒரு நாளும் மன்னித்ததில்லை.

மோகனூர் ரோட்டில் வாய்க்கால் பாலம் தாண்டியதும் ஒரு வாடை அடிக்கும். அதுதான் சுப்பையனின் கோழிப்பண்ணை. பஸ்ஸில் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அவன் அதையும் பெருமையாகத்தான் எடுத்துக்கொள்வான். கடலைக்காய் போட்டுக்கொண்டிருந்த மேட்டாங்காட்டில் செட்டுப் போட்டு, கேரளாவுக்கு லாரியில் முட்டை ஏற்றுகிற அளவுக்கு வந்தவன் அல்லவா. குஞ்சு கொஞ்சம் பெருத்ததும் அம்மை ஊசி போடவேண்டும். இரண்டு முள் வைத்த ஊசியை மருந்தில் தோய்த்து, இறக்கையை விரித்து, மெல்லிய சவ்வில் ஒரு குத்து. அதோடு வேலை தீராது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் கோழிகளைப் பிடித்து இறக்கையை விரித்துப் பார்க்கவேண்டும். குத்தின இடம் வீங்கிப் பொருக்குத் தட்டியிருந்தால் ஊசி புடிச்சுருச்சு என்று அர்த்தம். மொழுக்கென்று இருந்தால் புடிக்கவில்லை. மறுபடி ஒரு குத்து. அதற்கும் வீங்காத கோழியைச் சுப்பையன் ஒரு பார்வை பார்ப்பான். அடுத்த சந்தைக்கு அது போய்விடும்.

அப்பேர்ப்பட்ட ஆளுக்குத்தான் எண்பத்து நாலாம் வருசம் மாசி மாதம், சேலத்தில், இடது முன்கையில் ஒரு ஊசி போட்டு அனுப்பினார்கள்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருசமாகவே சுப்பையனுக்குக் காலையில் எழுந்தால் மூஞ்சி உப்பியிருந்தது. சவரக்கடைக் கண்ணாடியில் கோளாறு என்று கடையை மாற்றிப் பார்த்தான். அப்புறம் கால் வீங்கியது. செருப்பு சுருங்கிப்போனதாகச் சொல்லிப் புதுச் செருப்பு வாங்கினான். வாந்தி வந்தபோதுதான் அதற்கு மாற்ற ஒன்றும் அகப்படாமல் டாக்டரிடம் போனான். இரண்டு கிட்னியும் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்றார்கள். ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது, சோற்றில் உப்பே கூடாது, தண்ணீரையும் அளந்துதான் குடிக்கவேண்டும். அன்றிலிருந்து அவன் மனைவி வசந்தாமணி வீட்டில் எல்லாருக்கும் உப்பில்லாமலே அரிசியம்பருப்புச் சோறு ஆக்கினாள். சுப்பையன் நம்பவில்லை. மற்றவர்கள் ஒளித்து வைத்து உப்புப் போட்டுக்கொள்கிறார்கள் என்று பெண்டாட்டி வட்டிலில் கையைவிட்டு ஒரு வாய் அள்ளித் தின்றுபார்ப்பான். அதுவும் சப்பென்று இருந்தால் அதற்கும் கோபம் வரும்.

"ஏனுங்க, உங்களுக்காவத்தான நாங்களும் இந்தக் கண்றாவியெத் திங்கறோம்? அதுக்கும் மொறைச்சா என்ன பண்றது?" என்பாள் வசந்தாமணி.

வேறு கிட்னி வைத்தால்தான் பிழைப்பான், மெட்ராஸில் வைக்கிறார்கள், ரத்த சம்பந்தத்தில் யாராவது கொடுக்கவேண்டும் என்று தெரிந்தபோது ஊரே பெருமூச்சு விட்டது. தம்மம்பட்டியில் வாக்கப்பட்டிருந்த அவன் அக்கா வள்ளியாத்தாள் மட்டும் பெருமூச்சு விடவில்லை. ஒரு சாக்கு மரவள்ளிக் கிழங்கோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். கிழங்கையெல்லாம் அவன் இனிமேல் தொடக்கூடாது என்றதும் சாக்கைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"என்ற கிட்னியெ எடுத்துக்குங்க. எல்லாத்துக்கும் ரெண்டு இருக்குதாமா. ஒண்ணு சும்மாதானே கெடக்குது?"

"வேண்டாக்கா. உன்ற கிட்னி உன்னாட்டமேதான் இருக்கும். என்ற வயித்துக்குள்ளாற குக்கீட்டு எந்நேரமும் என்னெத் திட்டீட்டுக் கெடக்கும்."

"திட்டுனாத்தான்டா நீ உருப்படுவெ."

பேச்சு அவ்வளவுதான். ரத்தமும் ஒத்துவந்தது. சுப்பையன் செட்டுக்குள் போய்த் தீவனத் தொட்டி பக்கத்தில் வெகுநேரம் நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து கருவாட்டுத் தூள் பட்டுவிட்டது என்றான்.

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸில் டாக்டர் சௌந்திரம் அம்மாள்தான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெட்ராஸுக்கு அனுப்புவதற்கு முன்னால் செய்யவேண்டிய சோதனைகளெல்லாம் அவர் பொறுப்பு. அங்கே போய்வரக் கந்தப்பன் தன் அம்பாசிடர் காரைக் கொடுத்தார். கொடுத்ததோடு தானே ஓட்டிக்கொண்டும் வந்தார். அவர் நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவர். அவர் மகனுக்குத்தான் வள்ளியாத்தாளின் மகள் சாரதாமணியைப் பேசித் தாம்பூலம் மாற்றியிருந்தது. வைகாசியில் கல்யாணம். டிரைவர்கள் பலர் இருந்தும் சம்பந்தி வீட்டுக் காரியத்துக்கு அவரே ஸ்டியரிங் பிடித்தார். வழியில் எதிரே வந்த ஒவ்வொரு லாரிக்காரனையும் பேர் சொல்லித் திட்டிக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா அன்றைக்கு நிதானமாகத்தான் சொன்னார்.

"உங்க அக்காவோட கிட்னியை உங்க உடம்பு வெளியாள்னு நினைச்சுத் தள்ளப் பாக்கும். தள்ளாம இருக்கறதுக்கு உடம்போட எதிர்ப்பு சக்தியை மாத்திரை குடுத்துக் கொறைப்போம். அப்ப உள்ள டி.பி. தூங்கிட்டு இருந்தா முழிச்சுக்கும். முழிச்சா உங்களைக் காப்பாத்தறது கஷ்டம்."

"எக்ஸ்ரேல ஒண்ணுமில்லீன்னு சொன்னீங்களே?"

"முழிச்சிருந்தா எக்ஸ்ரேல தெரியும். தூங்கறது தெரியாது."

"கொறட்டெ கிறட்டெ உடுமுங்களா?"

டாக்டரம்மா சிரித்தார். வள்ளியாத்தாள் சிரிக்கவில்லை. "அந்தச் சீக்கெல்லாம் எங்கூட்டுப் பக்கமே வந்ததில்லீங்க" என்றாள், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. வாசல்படியில் நின்ற கந்தப்பன் சுவரிலிருந்த காலண்டரில் நல்ல நேரம் பார்க்க ஆரம்பித்தார்.

தூங்குகிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கத்தான் அந்த ஊசி. தோலுக்கு அடியிலேயே துளி மருந்து. கிட்னி கொடுக்கிறவள் என்று வள்ளியாத்தாளுக்கும், ஒரே வீட்டில் இருக்கிறவள் என்று வசந்தாமணிக்கும் சேர்த்துப் போட்டார். "தொடக்கூடாது, சொறியக்கூடாது, எதையும் பூசக்கூடாது. நாளைக் கழிச்சு வாங்க. அந்த இடம் வீங்குதான்னு பாக்கணும்" என்றார்.

அப்போது சுப்பையன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "தெரியுமுங்கம்மா. நாங்க கோழிக்குப் போடறதுதானுங்களே?" என்றான். டாக்டரம்மா அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு அதற்கும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் வினை ஆரம்பித்தது.

மறுநாள் காலையில் வள்ளியாத்தாளின் கையில் பணியாரம் அளவுக்குச் சிவந்து வீங்கியிருந்தது. வசந்தாமணிக்கும் பரவாயில்லை, அரைப் பணியாரம். இரண்டு பேரும் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்கிக்கொண்டே கையோடு கையை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்குளுக்கு என்னெவுட நல்லா எந்திரிச்சிருக்குதுங்க நங்கையா" என்றாள் வசந்தாமணி நாத்தனாரிடம்.

"அரிப்புத் தாங்கலெ அம்மிணி. தொடக்கூடாதுன்னு வேற சொல்லிப்போட்டாங்க."

சுப்பையன் தீவனம் கலக்குவதை நிறுத்திவிட்டுத் தன் கையைப் பார்த்தான். வெயிலில் திருப்பிப் பார்த்தான். ஒரு கொசு கடித்த தடம்கூட இல்லை. கிழவி மாதிரி ஆகிவிட்ட அக்காவுக்கே ஊசி புடித்துவிட்டது, பெண்டாட்டிக்குப் புடித்துவிட்டது, பண்ணைக்காரனுக்குப் புடிக்கவில்லை. அன்றைக்கு முழுக்க அவன் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. செட்டு ஓரம் வெயிலுக்குத் தொங்கவிட்டிருந்த சாக்குகளை நனைக்கும்போதும் பத்துத் தரம் கையைப் பார்த்தான்.

அடுத்த நாள் விடிந்ததும் பெரியசாமி வந்தான். பண்ணை பண்ணையாகப் போய்க் கோழிக்கு ஊசி போடுகிறவன். சைக்கிள் ஹேண்டில்பாரில் ஐஸ் போட்ட பிளாஸ்க் தொங்கும். சுப்பையன் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கையை நீட்டினான். பெரியசாமி இறக்கையைப் பிடிக்கிற மாதிரியே இரண்டு விரலில் பிடித்துத் திருப்பினான்.

"புடிக்கலீங்களே அண்ணா."

"எனக்கும் அப்படித்தான்டா தெரியுது."

"மருந்து வீரியம் போயிருந்தா அவிங்க ரெண்டு பேருத்துக்கும் எந்திரிச்சிருக்காதுங்க. கோளாறு உங்க ஒடம்புலதானுங்க. தெம்பு இல்லீங்க."

"இன்னிக்கு மத்தியானம் போயிக் காட்டோணும். இப்பிடியே போனா அந்தம்மா என்ன பண்ணும்?"

சந்தைக்குப் போகும் கோழிகளை அடைக்கிற மூங்கில் கூண்டு பக்கத்திலேயே இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். சுப்பையனுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. இந்த ஒடம்புக்கு அக்கா கிட்னியைக் கொடுத்து வீணாக்கவேண்டாம் என்று மெட்ராஸில் கழித்துவிட்டால் அப்புறம் யாரிடம் போவது? அவனுக்குச் சாகப் பிடிக்கவில்லை. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"எருக்கம்பால் ஒரு சொட்டு வெச்சாப் போதுமுங்க. சும்மா கும்முனு எந்திரிச்சுக்கும்" என்றான் பெரியசாமி.

வேலியோரம் எருக்கஞ்செடிக்குப் பஞ்சமில்லை. ஒரு சொட்டு என்று ஆரம்பித்து, அக்காவைவிடக் குறைந்துவிடக் கூடாது என்று தேய்த்து விட்டார்கள். வசந்தாமணி பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"ஒண்ணும் பூசக்கூடாதுன்னாங்களே! என்ன காரியமுங்க இது?"

"பூசறதுன்னா சந்தனம் பூசறது. இது சும்மா வெக்கறதுதான்டி."

கார் ராசிபுரம் தாண்டும்போது கை சிவந்தது. மல்லூரில் கொப்புளம் எழும்பியது. ஃபேர்லேண்ட்ஸில் இறங்கும்போது முழங்கை வரைக்கும் இட்லி வேகவைத்த மாதிரி உப்பி, எரிச்சலில் சுப்பையன் ஒற்றைக் காலில் நின்றான். ஆனால் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

டாக்டரம்மா முதலில் வள்ளியாத்தாள் கையையும் வசந்தாமணி கையையும் சின்ன ஸ்கேல் வைத்து அளந்தார். அப்புறம் சுப்பையனின் கையைப் பார்த்தார். ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன பூசினீங்க?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. தானா எந்திரிச்சுதுங்க."

"எருக்கம்பாலுங்க" என்றாள் வசந்தாமணி.

அதற்கப்புறம் டாக்டரம்மா பேசியதை நான் முழுவதும் எழுதப்போவதில்லை. படித்தவர்களுக்கும் நம்மைப் போலவே திட்டத் தெரியும். எல்லாம் திட்டி முடித்துவிட்டு, எதற்காக இப்படிச் செய்தான் என்று கேட்டார். சுப்பையன் கோழி அம்மை ஊசியிலிருந்து தொடங்கிச் சந்தைக் கூண்டு வரைக்கும் ஒளிக்காமல் சொன்னான். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இங்க பாருங்க. இது தடுப்பூசி இல்லை. கிருமி எப்பவாவது உள்ள வந்திருந்தா உடம்பு அதை ஞாபகம் வெச்சிருக்கும். ஊசி போட்டா அடையாளம் தெரிஞ்சு வீங்கும். வீங்கினா உள்ள தூங்குதுன்னு அர்த்தம். வீங்காட்டித்தான் நல்லது."

சுப்பையனுக்குப் புரிய ஒரு நிமிசம் ஆனது. அப்புறம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "அப்ப எனக்கு ஒண்ணுமில்லீங்க! மொழுக்குனு இருந்துதுங்க! வசந்தா, சொல்லு! அக்கா, உனக்குத்தான் தூங்குது!"

"அவங்களுக்கு எக்ஸ்ரே சுத்தமா இருக்கு. நம்ம ஊருல பாதிப் பேருக்கு இப்படித்தான் வீங்கும். அவங்க கிட்னி குடுக்கத் தடை இல்லை. உக்காருங்க. உங்க கையை நான் பாக்கவே இல்லையே, எருக்கம்பாலைத்தான் பாத்தேன். புண் ஆறினதும் வலது கையில மறுபடி போடறேன். அதோட, வீட்டுல யாருக்காவது நாள்பட்ட இருமல், ரத்தம் துப்பினது, ஏதாவது இருந்துச்சான்னு யோசிச்சுட்டு வாங்க. அது எனக்கு முக்கியம்."

"யோசிக்கறதுக்கே ஒண்ணுமில்லீங்க" என்றான் சுப்பையன். வள்ளியாத்தாள் தன் கையிலிருந்த வீக்கத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

அவளுக்கு யோசிக்க இருந்தது. அவர்களுடைய அப்பா ராசப்பன் காசநோயில்தான் செத்தார். சுப்பையனுக்கு அப்போது விவரம் தெரியாத வயசு. அப்பா காய்ச்சலில் போனதாகத்தான் அவனுக்குச் சொல்லியிருந்தது. அவர்களுடைய அம்மா நல்லம்மாள், வெளியே தெரிந்தால் உனக்கும் மாப்பிள்ளை வராது, உன் தம்பிக்கும் பெண் வராது என்று கற்பூரம் ஏற்றிவைத்து வள்ளியாத்தாளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அந்தச் சத்தியத்தை அவள் புருசனிடம்கூட உடைக்கவில்லை. இப்போது சொன்னால், தாம்பூலம் மாற்றிய மகளின் கல்யாணம் நிற்கும். காசம் இருந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? அதுவும் சொல்லவேண்டிய இடத்துக்குக் கார் ஓட்டிக்கொண்டு வருகிறவரே சம்பந்தி. சொல்லாமல் விட்டாலோ, தூங்குகிற சீக்கு முழித்து, தான் கொடுக்கிற கிட்னியே தம்பியைக் கொல்லும். அந்த நாட்களில் அவள் வாய் அடங்கிப்போனது. தீவனத்தில் உருண்டை தட்டியிருக்கிறது, தண்ணீர்த் தொட்டி பாசி பிடித்திருக்கிறது என்று எதற்கும் தம்பியைத் திட்டவில்லை. சுப்பையனுக்கு அதுதான் கவலையாக இருந்தது.

"அக்கா கிட்னி குடுக்கப் பயப்படுதா வசந்தா? வேண்டாம்னு சொல்றதுன்னாச் சொல்லீறச் சொல்லு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"நங்கையாவெப் பாத்து அப்படிச் சொல்ல உங்க வாய் எப்படி வருதுங்க?" என்றாள் அவள்.

பங்குனியில் புண் ஆறி, வலது கையில் ஊசி போட்டாயிற்று. இந்தத் தடவை வசந்தாமணி யாரையும் நம்பவில்லை. வீடு வந்ததும் புருசனுக்கு முழுக்கைச் சட்டை மாட்டி, மணிக்கட்டில் துணியோடு துணியாக இறுக்கித் தைத்துவிட்டாள். பெரியசாமியைப் பண்ணை கேட்டுக்குள்ளேயே விடவில்லை. அவன் ரோட்டிலேயே சைக்கிளை நிறுத்தி, "எந்திரிச்சுதுங்களா அண்ணா?" என்று கத்துவான். "தெரியலியேடா, தெச்சுப்போட்டா!" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

தைத்த சட்டையோடுதான் டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தான். நர்ஸம்மா கத்தரிக்கோல் கொண்டுவந்தாள். வசந்தாமணியின் தையல் அதற்கு மசியவில்லை. லாரித் தார்ப்பாய் தைத்துப் பிரித்த அனுபவம் இருக்கிறது என்று கந்தப்பனே உள்ளே வந்து தரையில் குந்தி நூலை ஒவ்வொன்றாக வெட்டினார். கை வெளியே வந்தது. மொழுக்கென்று இருந்தது.

"பாத்தீங்களா! சுத்தம்!" என்றான் சுப்பையன்.

டாக்டரம்மா தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோசம் இல்லை.

"வேற ஆளா இருந்தா நானும் சுத்தம்னு சொல்லிடுவேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல முடியலை. கிட்னி இந்த அளவுக்குக் கெட்டுப்போனா உடம்புக்கு ஞாபகம் மங்கிடும். கிருமி உள்ள இருந்தாலும் அடையாளம் தெரியாது, வீங்காது. கிருமி இல்லாததால வீங்கலையா, தெம்பில்லாததால வீங்கலையான்னு எனக்குத் தெரியலை."

சுப்பையன் மெதுவாகக் கேட்டான். "அப்பப் பெரியசாமி சொன்னாப்புல, புடிக்கலீங்களா?"

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "சரி, அப்படியே வெச்சுக்குங்க. கையைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை. உங்களைத்தான் கேக்கணும். சின்ன வயசுல கூட இருந்தவங்க யாருக்காவது டி.பி. இருந்துச்சா? இருந்துச்சுன்னா, ஊசி என்ன சொன்னாலும் நான் இப்பவே மாத்திரை ஆரம்பிச்சுடுவேன். இல்லைன்னா இப்படியே மெட்ராஸுக்கு எழுதிடுவேன்."

"எழுதுங்கம்மா. எங்க பரம்பரையில இருமுனவனே கெடையாது. எங்கப்பனெல்லாம் கல்லாட்டம் இருந்தாரு. கிட்டப் போனாத் தடியெத் தூக்கீட்டுத் தொரத்துவாரு. அப்பிடி ஒரு முரட்டு மனுசன். பெத்த பையனெக் கண்டாலே ஆவாது."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் வள்ளியாத்தாளால் தாங்க முடியவில்லை.

"இருந்துச்சுங்க" என்றாள்.

கந்தப்பன் இன்னும் தரையில்தான் குந்தியிருந்தார். அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லலாமா என்று அவள் நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே பேச்சு வந்துவிட்டது.

"எங்கப்பனுக்குத்தானுங்க இருந்துச்சு. காசம். சானடோரியத்துல கெடந்துட்டு, ஆவாதுன்னு ஊட்டுக்கு அனுப்பீட்டாங்க. ஊட்டுக்குள்ள சேத்துனா எங்குளுக்கு ஒட்டிக்கும்னு அவரே மேட்டாங்காட்டுல குடிசையாட்டம் ஒரு சாளை போட்டுக்கிட்டாரு. காவலுக்குப் படுத்திருக்காருன்னு அம்மா ஊருக்குச் சொன்னா. நாந்தான் போசியில சோறு கொண்டுபோவேன். கல்லு மேல வெச்சுட்டுத் தள்ளி வந்துரோணும். அப்புறந்தான் அவரு வந்து எடுப்பாரு. இவன் அப்பங்கிட்டப் போவோணும்னு அழுவான். அழுவறதெப் பொறுக்காம நாந்தானுங்க இடுப்புல தூக்கீட்டுப் போனேன். எறக்கியுட்டா நேரா ஓடுவான். அவரு தடியெ ஓங்கிக் கிட்ட வராதீடான்னு கத்துவாரு. கத்தீட்டு அந்தப் பக்கம் திரும்பிக்குவாரு."

மூக்கை முந்தானையில் சிந்தினாள்.

"கடசியில அவருக்குத் தடியெத் தூக்கத் தெம்பில்லெ. நான் புளியம்பழம் பொறுக்கப் போயிட்டு வந்து பாத்தா, இவன் அவரு நெஞ்சு மேல படுத்துத் தூங்கறான். அவரு தூக்கிப் போடவும் முடியாம, அணைக்கவும் மாட்டாம, ரெண்டு கையெயும் அக்கட்ட விரிச்சு வெச்சுட்டு அழுதுட்டுக் கெடந்தாருங்க. அன்னிக்குத்தான் ஒட்டியிருக்கோணும். நாந்தாஞ் சாமி உன்னெத் தூக்கீட்டுப் போனேன்."

சுப்பையன் தன் அப்பாவைப் பற்றி நாற்பது வருசமாக ஒரே ஒரு ஞாபகம்தான் வைத்திருந்தான். அது தடி. அந்தத் தடி எதற்கு என்று இப்போதுதான் தெரிந்தது. அவன் வாய் கோணிக்கொண்டு வந்தது.

வள்ளியாத்தாள் கந்தப்பன் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள். "மறைச்சது தப்புதானுங்கண்ணா. என்ற புள்ளெ மேல ஒரு குத்தமும் இல்லீங்க. வேண்டாம்னா இங்கயே சொல்லீருங்க."

கந்தப்பன் கத்தரிக்கோலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"அம்மிணி, சானடோரியத்துல உங்கப்பனுக்கு அடுத்த கட்டுலு எங்கப்பன்."

"என்னங்க?"

"ஆமா அம்மிணி. ரெண்டு பேரும் ஆடு புலி ஆடுவாங்களாமா. ராசப்பன் புலி வெச்சா ஒரு ஆடு தப்பாதுன்னு எங்கப்பன் சாவற வரைக்கும் சொல்லுவாரு. அந்த ஊடுன்னு தெரிஞ்சுதான் பொண்ணு கேட்டு வந்தோம். வந்த அன்னிக்கு நானும் எஞ்சம்சாரமும் பயந்துட்டேதான் குக்கீட்டிருந்தோம்."

"எதுக்குங்கண்ணா?"

"நீங்க எங்க உண்மையெச் சொல்லிப்போடுவீங்களோன்னுதான். நீங்க சொன்னா மருவாதிக்கு நாங்களும் எங்களுதெச் சொல்லோணுமே! நீங்க சொல்லாம வெத்தலெ பாக்கெ நீட்டுனதும் எம்பொண்டாட்டி பழனி முருகனுக்கு வேண்டிக்கிட்டா."

வள்ளியாத்தாள் வாயைத் திறந்தபடி நின்றாள். அப்புறம், சட்டை நூலைத் தரையில் பொறுக்கிக்கொண்டிருந்த வசந்தாமணியைப் பார்த்தாள். "அம்மிணி, உனக்காச்சும் நான் சொல்லியிருக்கோணும்."

"எனக்குக் கலியாணத்துக்கு முந்தியே தெரியுமுங்க நங்கையா" என்றாள் அவள் தலை நிமிராமல். "வெள்ளாமையே இல்லாத காட்டுக்கு வருசம் பூராக் காவல் இருந்தாருன்னு உங்கூருல சொல்லிச் சிரிப்பாங்களே. எங்கப்பன் விசாரிக்க வந்தப்ப டீக்கடையிலயே சொல்லிப்போட்டாங்க. எங்கூட்டுலயும் ஒரு சித்தப்பன் இருந்தாருங்க. அதனால ஒண்ணும் பேசிக்கலெ."

"அப்ப ஏன்டி எங்கிட்டச் சொல்லலெ?" என்று கத்தினான் சுப்பையன்.

"நீங்க மறைக்கறீங்கன்னு நெனச்சேனுங்க. புருசன் மறைக்கறதெ நான் எதுக்குக் கெளறோணும்?"

"ஊருக்குத் தெரியும், நாமக்கல்லுக்குத் தெரியும், டீக்கடைக்காரனுக்குத் தெரியும். அப்பனுக்குப் பொறந்த எனக்கு மட்டும் தெரியாது!" என்று அவன் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தான். கோபப்படத்தான் பார்த்தான். முடியவில்லை. தைத்துப் பிரித்த சட்டைக் கையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

டாக்டரம்மா மாத்திரைச் சீட்டை எழுதிக்கொண்டிருந்தார். தினம் ஒரு தடவை, மெட்ராஸுக்குப் போனாலும் நிறுத்தக்கூடாது, ஆபரேசனுக்கு அப்புறமும் மாதக்கணக்கில் சாப்பிடவேண்டும், பாதியில் விட்டால் நானே வந்து தைத்துவிடுவேன் என்றார்.

"எத்தனெ மாசம்னாலும் குடுங்கம்மா" என்றான் சுப்பையன். "எங்கப்பன் தடியெத் தூக்கித் தொரத்தியும் கேக்காம அந்தச் சீக்கு எங்கிட்ட வந்து படுத்துக்கிச்சு. நீங்க மாத்திரையில தொரத்திப் பாருங்க."

கந்தப்பன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "அப்பிடியே எனக்கும் ஒண்ணு குத்தீருங்கம்மா. லாரி லைனுல நாலு ஊரு தண்ணி குடிச்சவன். இருக்கறது தெரியட்டும்."

திரும்பி வரும்போது கந்தப்பன் ஒரு லாரிக்காரனையும் திட்டவில்லை. மல்லூரில் நிறுத்தி எல்லாருக்கும் டீ வாங்கினார். சுப்பையனுக்கு அளவுத் தண்ணீர் என்பதால் கால் டம்ளர். வள்ளியாத்தாள் அதை வாங்கி, அதிலும் பாதியைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டாள். "காத்தாலிருந்து எவ்வளவு குடிச்செ, எனக்குத் தெரியாதா? உன்ற செட்டுல தண்ணித் தொட்டி பாசி புடிச்சு நாறுது, அதெக் கழுவ வக்கில்லெ, இங்க டீ கேக்குது உனக்கு!" என்று ஆரம்பித்தாள். ராசிபுரம் வரைக்கும் திட்டினாள். சுப்பையன் சன்னல் ஓரம் சாய்ந்து நிம்மதியாகக் கேட்டுக்கொண்டு வந்தான்.

பண்ணைக்கு வரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. மேட்டாங்காட்டில், அப்பாவின் சாளை இருந்த இடத்தில் இப்போது இரண்டாவது செட்டு நிற்கிறது. சுப்பையன் காரை விட்டு இறங்கி அங்கேயே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். தீவனம் கேட்டுக் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன.

ரோட்டில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பெரியசாமி காத்திருந்தான். கேட்டைத் தாண்ட இன்னும் அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"அண்ணா! என்னாச்சுங்க? ஊசி புடிச்சுதுங்களா?"

சுப்பையன் திரும்பிப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தான்.

"புடிச்சுருச்சு பெரியசாமி. நாப்பது வருசத்துக்கு முந்தியே புடிச்சுருச்சாமா. எனக்குத்தான் தெரியாமப் போச்சு."